முதுகில் ஒரு வெள்ளைப் பட்டை

2014-ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. ரந்தாவ் பக்கத்தில் எங்கள் தோட்டம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட காலம். பாட்டி முப்பது ஆண்டுகள் பிள்ளைகள் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதன் கூரை விளிம்புக்கடியில் பத்துப் பன்னிரண்டு குருவிக் கூடுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன.

சிரம்பானில் சில கடைவீடுகளின் மாடிச் சன்னல்களை அடைத்து, சிறு துவாரம் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டுக் குருவிகளை வரவழைப்பார்கள். அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள் என்றும், கிலோ ஆயிரக்கணக்கான வெள்ளி என்றும் அண்ணன் சொன்னான். அவ்வளவுதான்! நம் கொட்டகையிலேயே பணம் தொங்குகிறதே என்று நினைத்தேன். அப்போது மளிகைக் கடையில் அம்மாவுக்கு மூன்று மாதக் கடன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குலை வெட்டும் நீளக் கம்பால் நான்கு கூடுகளைத் தட்டிவிட்டோம். விழுந்தவை இறகும் காய்ந்த புல்லும் ஒட்டிய அழுக்கு உருண்டைகள். ஒன்றில் இரண்டு வெள்ளை முட்டைகள், உடைந்து. இன்னொன்றில் கண் திறக்காத ஒரு குஞ்சு...

பாட்டி வந்து பார்த்தார். அடிக்கவில்லை.

“அந்தக் குருவி வேறடா. இதுக்கு முதுகுல வெள்ளப் பட்ட இருக்கு பாரு. அதுக்கு அப்படி இருக்காது. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!”

குஞ்சு இரவு தாண்டவில்லை.

பல்கலைக்கழகம் வந்த பிறகு, நூலகத்தில் பறவை நூல் ஒன்றைப் புரட்டியபோது அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டேன். இரண்டும் உழவாரன் குடும்பம். இரண்டுக்கும் அரிவாள் போல் வளைந்த இறக்கை. இரண்டும் மின்கம்பியில் உட்காரா; கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். கொட்டகையில் இருந்தது நாட்டு உழவாரன்: ஏறத்தாழ 15 சென்டிமீட்டர், கரிய உடல், வெள்ளைத் தொண்டை, வாலுக்கு மேலே பளிச்சென்ற வெள்ளைப் பட்டை. பறக்கும்போதே இறகையும் புல்லையும் பிடித்து, உமிழ்நீரால் ஒட்டிக் கூடு கட்டும்.

மலாய்க்காரர்கள் ‘வாலிட்’ என்பது மற்றது. சற்றே சிறியது, 12 சென்டிமீட்டர், பழுப்பு நிறம், அந்தத் தெளிவான பட்டை இல்லை. இருட்டில் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும். அதன் கூடு ஏறக்குறைய முழுவதும் உமிழ்நீர்தான். பெரும்பாலும் ஆண்பறவைதான் கட்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வாலிட்டிலும் வெள்ளைக் கூடு கட்டுவது, இறகு கலந்த கறுப்புக் கூடு கட்டுவது என இரண்டு உண்டு. பறக்கையில் அவற்றைப் பிரித்தறிவது அறிஞர்களுக்கே கடினமாம். கூட்டைப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

நூலில் படித்த முதல் அடையாளம் எனக்குப் புதிதல்ல. எழுத்தறியாத பாட்டி அதை ஒரே வரியில் சொல்லியிருந்தார். பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே முப்பது ஆண்டுகள் அண்ணாந்து பார்த்தவர் அவர். நான் கேட்டிருந்தால், அந்தக் கூடுகள் விழுந்திருக்கா.

கடந்த விடுமுறையில் பாட்டியிடம் போய், “பாட்டி, அதுக்குப் பேரு உழவாரன்” என்றேன்.

“நம்ம தமிழ்ல அதுக்குப் பேரு இருக்கா?” என்று வியந்தார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றபடி வானத்தைக் காட்டினார். “அங்க போவுது பாரு, அது எதுடா?”

மாலை வெயிலில் அது திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். பட்டை இல்லை.

“வாலிட், பாட்டி.”

“ஆமா” என்றார்.

தோழர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு குருவியைக் காட்டிக் கேளுங்கள். எனக்கு அதைக் கேட்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.