பேய்க்குத் திருநீறு இருந்தது

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தலைமுறைக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்க யாரும் படம் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு வாழைமரத்துப் பக்கம் போகாதே, இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்காதே, முனீஸ்வரர் கோயிலைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டு நட. மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடியதில் பொந்தியானாக் என்ற பெண்பேயும் எங்கள் லயத்துக்குப் பழகியவளாகிவிட்டாள். ஆனால் அந்தப் பயம் எதுவும் வெறுங்கையோடு வரவில்லை. முனி பிடித்தால் பூசாரி இருந்தார். கெட்ட கனவு கண்டு அலறினால் ஆயா நெற்றியில் திருநீறு பூசி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார். பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்துவிட்டால் அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள் என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். 1957-ல் சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனம் அந்தக் கதையைப் படமாக்கியபோது அதை இயக்கியவர் பி.என். ராவ் என்ற இந்தியர்.

இப்போது பேரப்பிள்ளைகள் பார்க்கக் கேட்கும் படங்களில் பேய் குறைவு. தானே யோசிக்கும் இயந்திரம், ஊரையே கொல்லும் கிருமி, வானத்திலிருந்து இறங்கும் பிராணி என்றுதான் கதை போகிறது. இவற்றுக்கு எந்தப் பூசாரியைக் கூப்பிடுவது? பேய்ப் படம் பார்த்து மிரண்ட பிள்ளையிடம் "சும்மா படம்தான்யா, அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிடலாம். அறிவியல் படம் அப்படிச் சொல்ல விடுவதில்லை. இது நடக்கக்கூடியது, நாளைக்கே நடக்கலாம் என்றுதான் அது பேச்சைத் தொடங்குகிறது.

எங்கள் ஜொகூர் பிள்ளைகளுக்கு அந்த 'நாளை' ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலைக்குப் போன அப்பாக்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தரைவழிப் பயணம் பழையபடி திறந்துவிடப்பட்டது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அப்பாவைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கிருமியால் குடும்பம் பிரியும் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, இதெல்லாம் கற்பனை என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே எந்தப் படம் எந்தப் பிள்ளைக்கு என்ற கேள்வி என்னிடம் வந்தால், படத்தை விசாரிப்பதற்கு முன் பிள்ளையை விசாரிக்கிறேன். இப்படிச் சொன்னால் என் மருமகள் சிரிப்பார். "அதான் போஸ்டர்லயே போட்டிருக்கே மாமா" என்பார். போட்டிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. உள்துறை அமைச்சின் கீழுள்ள திரைப்படத் தணிக்கை வாரியம் ஒரு காலத்தில் 18 என்ற எண்ணுக்குப் பின்னால் எழுத்துகளையும் சேர்த்துப் போட்டது. 18எஸ்ஜி என்றால் திகிலும் வன்முறையும் என்று பாமரருக்கும் புரியும். அந்த எழுத்துகள் போய் வெகுகாலமாகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் யு, பி12, 13, 16, 18 என்று வகுத்திருக்கிறார்கள். பி12 என்றால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்று பொருள். பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸில் இறங்கினால் பிஜி13, என்சி16, எம்18 என்று வேறு கணக்கு. ஜொகூரில் வார விடுமுறை 2025 ஜனவரியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் ஒரே நாளில் திரையரங்கில் கூடுகின்றன. ஒரே படத்துக்கு அக்கா வீட்டில் ஒரு எண், தங்கை வீட்டில் ஒரு எண் என்றால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

எண்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அவை எதைப் பார்த்துப் போடப்படுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் வாரியம் பொது அமைதி, சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கம் என்ற நான்கையும் முன்னால் வைத்துப் படம் பார்க்கிறது. முத்தத்தை வெட்டலாம், கெட்ட வார்த்தையை ஊமையாக்கலாம். பயத்தை அப்படி வெட்ட முடியாது. அது ஒரு காட்சிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. கதவு திறக்கும்வரை காத்திருக்கும் நேரத்திலும், அடியில் உறுமிக்கொண்டே இருக்கும் ஒலியிலும் கலந்து கிடக்கிறது. கத்தரித்துச் சுத்தமாக்கிய படத்திலும் திகில் முழுசாக மிஞ்சும். வீட்டில் இணையம் வழியாகப் பார்க்கும் தொடர்களுக்கோ அந்தக் கத்தரியும் கிடையாது. அவை தணிக்கை வாரியத்தின் மேசைக்கே வருவதில்லை.

எண்ணே நாட்டுக்கு நாடு மாறும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம். ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' 1982-ல் வந்தபோது உலகமே அதைக் குழந்தைகள் படமென்று கொண்டாடியது. சுவீடனிலோ பதினொரு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்கக் கூடாது என்றார்கள். அந்த வினோதப் பிராணி அல்ல காரணம். படத்தில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எதிரிகளாகக் காட்டப்பட்டது அவர்களை உறுத்தியது. எனக்கு இது அதிகப்படியாகத் தெரிந்தாலும், கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றே தோன்றுகிறது. இரண்டு வருடம் கழித்து, 1984-ல், அதே ஸ்பீல்பெர்க் இயக்கிய 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தில் உயிரோடு இருப்பவனின் இதயத்தைப் பிடுங்கி எடுக்கும் காட்சியைப் பார்த்து அமெரிக்கப் பெற்றோர் கொதித்தார்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவில் இன்னொரு படி வேண்டும் என்று ஸ்பீல்பெர்க்கே யோசனை சொல்ல, அந்த ஜூலையில் 13 என்ற கோடு அங்கே பிறந்தது.

பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்பதை ஜோஆன் கேன்ட்டர் என்ற விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை பல்லாண்டு ஆராய்ந்தார். தொலைக்காட்சியில் 'ஹல்க்' தொடர் ஓடிய காலம் அது. நல்ல மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிற அசுரனாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றுவார். பெரிய பிள்ளைகளுக்கு, அவர் மாறுவதற்கு முன்னால்தான் படபடப்பு. மாறிவிட்டால் நிம்மதி, இனி ஆபத்தில்லை. பாலர் வயதுப் பிள்ளைகளுக்குத் தலைகீழ். உருவம் மாறியதும்தான் நடுக்கம். அவன் நல்லவன் என்ற நியாயம் அந்தக் கண்ணுக்கு எட்டவில்லை. 1983 நவம்பரில் அணுகுண்டுப் போரைக் காட்டும் 'தி டே ஆஃப்டர்' படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது இன்னொன்று தெரிந்தது. சின்னப் பிள்ளைகளைவிடப் பதின்ம வயதினர் கலங்கினார்கள். அவர்களைவிடப் பெற்றோர் கலங்கினார்கள். அணுகுண்டு என்றால் என்னவென்று தெரிந்தவனுக்குத்தானே தூக்கம் போகும்.

அப்படியென்றால் "சின்னவனுக்கு இது கூடாது, பெரியவனுக்குப் பரவாயில்லை" என்ற நம் வழக்கமான தீர்ப்பு பாதிதான் சரி. அறிவியல் படத்தில் ஆளுக்கொரு பயம் காத்திருக்கிறது.

ஷங்கரின் '2.0' 2018 நவம்பர் 29-ஆம் தேதி வெளியானபோது குடும்பத்தோடு ஜொகூர் பாருவில் பார்த்தோம். இந்தியத் தணிக்கையில் யு/ஏ வாங்கிய படம். ரஜினி படம் என்றால் எங்கள் வீட்டில் வயது விசாரிக்கும் வழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசிகள் கூட்டமாகப் பறந்து ஆளைக் கொல்கின்றன, ராட்சதப் பறவை ஒன்று நகரத்தை விழுங்கப் பார்க்கிறது. பாலர் பள்ளி வயதுப் பேத்தி அந்தப் பறவையின் கண்ணைப் பார்த்ததும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஐஸ்கிரீம் வாங்கியதும் சரியாகிவிட்டது. ஆண்டு 4 படித்துக்கொண்டிருந்த பேரன் பறவையைக் கண்டு கைதட்டினான். அவனைக் கலக்கியது வேறு. படம் தொடங்குவதே ஒரு முதியவர் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்வதில்தான். இரவுச் சாப்பாட்டின்போது கேட்டான்: "தாத்தா, நம்ம ஃப்ளாட் மேலயும் டவர் இருக்கே. குருவியெல்லாம் செத்துருமா? அந்தத் தாத்தா ஏன் செத்தாரு?"

இரண்டு கேள்வி. ஒன்றுக்கு வெளியில் பதில் இருந்தது. ஜொகூர் பாருவில் அந்திநேரம் மரமெல்லாம் மைனாக்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது. மறுநாள் அதைக் காட்டினேன். கைப்பேசிக் கோபுரத்தால் குருவி அழிகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகள் அறிக்கையும் சொன்னது. இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் படம் வெளியாகுமுன்பே தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்திருந்ததும் இதற்காகத்தான். வியாபாரிகள் சொல்வதை நான் எளிதில் நம்புகிறவனல்ல, ஆனால் இந்த விஷயத்தில் படம் அறிவியலை மிஞ்சிப் போயிருந்தது. இரண்டாவது கேள்விக்கு வெளியில் பதில் கிடையாது. மனம் உடைந்து தனியாக நின்றுவிட்டார், யாரிடமாவது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார், உனக்கு எது தாங்கவில்லை என்றாலும் எங்களிடம் வந்து சொல்லு என்று நானும் அவன் பாட்டியும் மாறிமாறிப் பேசினோம். அந்தக் காட்சியைப் பற்றி ஊரில் யாரும் பிள்ளைகளோடு பேசியதாகத் தெரியவில்லை. எல்லோரும் பறவையைப் பற்றித்தான் பேசினார்கள்.

அன்றிலிருந்து நான் படத்தைப் பற்றி விசாரிக்கும் விதம் மாறியது. எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்பதில்லை. பிள்ளை அம்மா அப்பாவைத் தொலைக்கிறதா, நம்பிய ஆள் துரோகியாகிறாரா, கடைசியில் ஒரு வழி திறக்கிறதா, அல்லது எல்லாம் முடிந்தது என்று இருட்டில் விட்டுவிடுகிறார்களா என்றுதான் முதலில் பார்த்துவிட்டு வந்த மருமகனிடம் கேட்பேன். காலைக் காட்சியா என்பதும் முக்கியம். வெளியே வந்ததும் வெயில் இருக்க வேண்டும், படுக்கப் போகுமுன் பேச நேரம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஓர இருக்கை. "போதும் தாத்தா" என்று பிள்ளை சொன்னால் கேள்வி கேட்காமல் எழுந்து வெளியே வர வேண்டும். நம் வீடுகளில் இதுதான் நடப்பதில்லை. டிக்கெட் காசு போச்சே என்று ஒருவர், பொட்டப்பிள்ளை மாதிரி பயப்படுறான் என்று சித்தப்பா ஒருவர், கேலி செய்ய அண்ணன்மார் ஒரு வரிசை. பயத்தைவிட இந்தக் கேலிக்கு அஞ்சித்தான் பல பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு முழுப் படமும் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. 1963-ல் வந்த 'கலை அரசி'யில் நம்பியார் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார், எம்.ஜி.ஆர். பின்னாலேயே போகிறார். தோட்டத்துத் திடலில் வேட்டி மாதிரி கட்டிய வெள்ளைத் திரையில் பார்த்தோம். பயந்த பிள்ளை திரைக்குப் பின்னால் ஓடிப்போய் விளையாடும், எம்.ஜி.ஆர். சண்டைக்கு வந்ததும் திரும்பி வரும். திடலுக்குக் கதவு கிடையாது. இன்றைய குளிர்பதன அரங்கில் அந்த வசதியை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

பார்த்துவிட்டு மிரண்ட சின்னப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை என்பதையும் கேன்ட்டர் எழுதியிருக்கிறார். அணைத்துக்கொள்வதும், குடிக்க ஏதாவது கொடுப்பதும், பக்கத்தில் படுத்துக்கொள்வதும்தான் அந்த வயதுக்கு மருந்து. சூடாக ஒரு மைலோ, பாட்டியின் பாய். ஆயா திருநீறு பூசியபோது செய்ததும் இதுதானே. கை நெற்றியில் பட்டது. வளர்ந்த பிள்ளைக்கு மைலோ போதாது. அவனோடு பேச வேண்டும், பேசுவதற்கு நமக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படத்தைப் பற்றி அவனோடு பேச எனக்குத் தெம்பில்லை என்றால், எண் என்னவாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அந்தப் பேரன் இப்போது படிவம் 5. ஜேம்ஸ் கேமரூனின் 1984-ஆம் ஆண்டு 'டெர்மினேட்டர்' படத்தை வீட்டில் பார்த்தான். தற்காப்புக்காகச் செய்த கணினி ஒன்று சுயமாக யோசிக்கத் தொடங்கி மனித இனத்தையே அழிக்கப் பார்க்கும் கதை. ரத்தம், துப்பாக்கி எதுவும் அவனைத் தொடவில்லை. மறுநாள் கேட்டான்: "அந்த மாதிரி கம்ப்யூட்டரெல்லாம் நம்ம கூலாய்லதானே தாத்தா வச்சிருக்காங்க?"

அவன் கேட்டதில் தப்பில்லை. கூலாய் யங் தோட்டத்தை ஒய்டிஎல் குழுமம் வாங்கித் தரவு மையப் பூங்கா கட்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளை அங்கே நிறுவ அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்தோடு 2023 டிசம்பரில் கைகோத்ததும் செய்தியில் வந்தது. செடெனாக் பக்கமும் அதே கதை. நாங்கள் முனிக்குப் பயந்து ஓடிய மாதிரியான மண்ணில் இப்போது அவன் பயப்படும் இயந்திரம் குடிவந்திருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுய்யா" என்று நான் சொல்லியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டு நம்பாமல் போயிருப்பான்.

காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக ஒரு சுற்றுப் போனோம். உயர்ந்த வேலி, ஜன்னலில்லாத கட்டடம், மின்கம்பிகள். உள்ளே இருப்பது வரிசை வரிசையான கணினிப் பெட்டிகள், அவை ஓயாமல் சூடாகும், அவற்றைக் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்தினால் அவையும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவற்றுக்கு ஆசையும் கோபமும் கிடையாது, அவற்றை ஏவுகிறவர்களுக்கு உண்டு, பயப்படுவதென்றால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பயப்படு என்றேன். வேலியைத் தாண்டும்வரை பேசாமல் வந்தவன், குளிரவைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும், அது எந்த ஆற்றிலிருந்து வருகிறது, நம் வீட்டுக் குழாய்க்கு வருவதும் அதே தண்ணீரா என்று ஆரம்பித்தான். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.