டிஸ்பிளே வரலை

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் முதலில் காதில் விழுவது, "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா?" என்ற குரல்தான். ரேடியோ உதிரி பாகங்களில் தொடங்கிய சந்தை. இன்று ரிச்சி தெரு என்று யாராவது சொன்னால் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் அதற்குள் அடக்கம். விற்கிற கடைகள் தரைத்தளத்தில், கண்ணாடிக் கேபினெட்டுக்குள் வண்ண விளக்கு சுழல நிற்கும். பழுது பார்க்கிறவர்கள் மாடியில் இருப்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. அதில் கேபினெட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் நிச்சயம்: வீட்டில் பூட்டிய கணினி. அது எழுந்திருக்கவில்லை.

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவது இப்போது கல்லூரிப் பையன்களுக்குச் சாதாரணம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பலருக்கு முதல் முறையே சரியாக வந்துவிடுகிறது. வராதவர்கள் இங்கே வருகிறார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடும் ஒருவரின் அறையில் உட்கார்ந்து பார்க்க எனக்கு இடம் கிடைத்தது. நீள மேசை, ரப்பர் விரிப்பு, கொக்கியில் தொங்கும் பழைய பிராசசர் ஃபேன்கள். மூலையில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஒரு பெண். 'சிப் லெவல்' வேலையெல்லாம் அவருடையது. மாஸ்டர் அவரை 'மேடம்' என்கிறார், அவர் மாஸ்டரை 'அண்ணே' என்கிறார்.

ஆவடியிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். கேபினெட்டை மேசையில் வைத்ததும் மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை.

"சொல்லுங்க சார், என்ன பண்ணுது?"

"பையன் சொல்லுவான். அவன்தான் பூட்டினது."

"சுவிட்ச அமுக்கினா ஃபேன் ஒரு துடி துடிச்சிட்டு நின்னுடுதுண்ணா."

"முன்னாடி ஓடிச்சா தம்பி? இல்ல பூட்டினதுலேருந்தே இப்படித்தானா?"

"ஓடவே இல்லண்ணா."

இந்தக் கேள்வியை அன்று வந்த எல்லோரிடமும் அவர் கேட்டார். நேற்றுவரை ஓடிய கணினி என்றால் அடுத்த கேள்வி, நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது: இடி இடித்ததா, கேபினெட்டை நகர்த்தினார்களா, புதிதாக ரேம் போட்டார்களா. ஒருநாளும் ஓடாத கணினி என்றால் வழி வேறு. புதுப் பாகங்கள் அத்தனையும் சந்தேகத்துக்கு உரியவைதான். ஆனால் அவர் முதலில் சந்தேகப்படுவது பாகத்தை அல்ல, பூட்டிய கையை. பிராசசருக்குத் தனியாகப் போகும் மின் இணைப்பை மாட்ட மறந்திருப்பார்கள். ரேம் ஒரு பக்கம் மட்டும் 'க்ளிக்' ஆகியிருக்கும். சொந்த கிராபிக்ஸ் இல்லாத, பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசசரை வாங்கிவிட்டு, மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். இந்த ரகம் வந்தால் மாஸ்டர் காசே வாங்குவதில்லை.

ஆவடிப் பையனின் கேபிள்கள் எல்லாம் சரியாக இருந்தன. மாஸ்டர் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியாகக் கழற்றினார். போர்டுக்குப் போகும் 24 முனைக் கொத்தில் பச்சை ஒயரையும் பக்கத்திலுள்ள கறுப்பையும் ஒரு வளைத்த கம்பியால் இணைத்தார். ஃபேன் சுற்றியது.

"அப்ப எஸ்.எம்.பி.எஸ். நல்லாருக்குல்ல?" என்றார் அப்பா.

"ஃபேன் நல்லாருக்கு சார். மத்தத மீட்டர் சொல்லணும்."

மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும். 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-க்கு மேலே ஏறக் கூடாது. சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. சாம்பல் நிற ஒயர்தான் சுவாரசியமானது. மின்சாரம் எல்லாம் அளவாக நிலைத்துவிட்டது என்று எஸ்.எம்.பி.எஸ். போர்டுக்கு அனுப்பும் சம்மதம் அதில்தான் போகிறது. மின்சாரம் நிலைத்த பிறகு அரை நொடிக்குள் அது போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மின்சாரம் வந்தும் போர்டு பிராசசரை விழிக்க விடாது. விலை கூடிய எஸ்.எம்.பி.எஸ்.களில் இப்போது எல்லா ஒயரும் அழகுக்காகக் கறுப்பு. அதனால் மாஸ்டர் நிறத்தை நம்புவதில்லை, முனையை எண்ணித்தான் கம்பியை விடுகிறார். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கு வந்தாலும் அதட்டுகிறார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கலாம்.

எல்லா அளவுகளும் சரியாக இருந்தன. இருந்தும் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒதுக்கி வைத்துவிட்டு மேசைக்கடியிலிருந்து தன்னுடையதை எடுத்தார். சுமை இல்லாதபோது சரியாகக் காட்டுவது சுமை ஏறியதும் காலை வாரலாம்.

இந்தத் தொழிலின் உண்மையான முதல் அவருடைய இழுப்பறைதான். வேலை செய்கிறது என்று சந்தேகமறத் தெரிந்த ரேம், கிராபிக்ஸ் கார்டு, பழைய சாக்கெட்டுக்கும் புதிய சாக்கெட்டுக்குமாகப் பிராசசர்கள், எல்லாவற்றிலும் 'டெஸ்டிங்' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. பையன்களுக்கு அறிவு குறைவில்லை. ஆவடிப் பையன் போர்டின் கையேட்டை மனப்பாடமாக வைத்திருந்தான். ஆனால் வீட்டில் எல்லாமே ஒவ்வொன்றுதான் இருக்கிறது. ஒரு ரேமை வைத்துக்கொண்டு அந்த ரேம் நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? போர்டும் புதிது, பிராசசரும் புதிது, சாட்சி சொல்ல ஆளில்லை. இரண்டாவது பாகம் கையிலிருந்தால் அவர்களில் பாதிப் பேர் படியேறி வந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நல்ல பாகத்தைக் கெட்ட போர்டில் போட்டால் நல்லதும் சேர்ந்து போகலாம். அதற்காகவே ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மலிவான பழைய பிராசசர் ஒன்று இருக்கிறது. சாக்பீஸ் டப்பாவில் தூங்கும் அவற்றுக்குப் பெயர் 'பலியாடு'.

மாஸ்டர் பையனின் போர்டைக் கேபினெட்டிலிருந்து முழுசாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தார். பிராசசர், அதன் மேல் ஃபேன், ஒற்றை ரேம், எஸ்.எம்.பி.எஸ்.; வேறெதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க் இல்லை, கார்டு இல்லை, முன்பக்க சுவிட்சுகூட இல்லை. சுவிட்ச் ஒயர் மாட்ட வேண்டிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டார். ஃபேன் சுற்றியது. நிற்கவில்லை. போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: பிராசசர், ரேம், டிஸ்பிளே, பூட். ஒவ்வொரு சோதனையும் நடக்கும்போது அதனதன் விளக்கு எரிந்து, தேறியதும் அணையும். முதல் மூன்றும் எரிந்து அணைந்தன. மானிட்டரில் போர்டு கம்பெனியின் சின்னம் வந்தது. பையன் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மாஸ்டர் அதோடு விடவில்லை. போர்டைத் திருப்பி, டார்ச் அடித்து, பின்பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். பூசணி விதை அளவுக்கு ஒரு பளபளப்பான கீறல், இரண்டு ஈயப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு. பிறகு கேபினெட்டுக்குள் டார்ச்.

"இது யாரோட கேபினெட் தம்பி?"

"மாமாவோடதுண்ணா. பழசு."

"மாமாகிட்ட இருந்தது சின்ன போர்டு. நீ வாங்கினது பெருசு."

கேபினெட்டின் தகட்டில் போர்டு நேரடியாகப் படாமலிருக்கப் பித்தளைக் கால்கள் திருகியிருப்பார்கள். முழு அளவு ஏ.டி.எக்ஸ். போர்டு 305 மில்லிமீட்டர் நீளம், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244. மேலேயும் நடுவிலும் இரண்டுக்கும் துளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும். சின்ன போர்டின் கடைசி வரிசை மட்டும், பெரிய போர்டில் துளையே இல்லாத இடத்தில் விழும். மாமாவின் கணினிக்காகத் திருகிய அந்த வரிசை அப்படியே இருந்தது. பையன் அதன் மேலேயே புது போர்டை வைத்து இறுக்கிவிட்டான். பித்தளை போர்டின் முதுகில் முட்டி ஷார்ட் ஆனது, எஸ்.எம்.பி.எஸ். அதைக் கண்டுகொண்டு உடனே தன்னை அணைத்துக்கொண்டது. அந்த ஒரு துடிப்பு அதுதான். அணையாமல் இருந்திருந்தால் போர்டு போயிருக்கும்.

இதற்கு நடுவே வேறு ஆட்களும் வந்து போனார்கள். அச்சகத்திலிருந்து வந்த பழைய கணினிக்கு மாஸ்டர் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டார். டிஸ்பிளே வந்துவிட்டது. கடற்காற்றுள்ள ஊரில் ரேமுக்கு இது தவிர்க்க முடியாத சடங்கு. ரப்பர் பூச்சைத் தேய்த்துவிடும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைப்பதே முறை என்று ஒரு கட்சி உண்டு. புதிதுக்கு ஆல்கஹால், பழசுக்கு ரப்பர் என்பது மாஸ்டரின் சமரசம்.

இன்னொரு இளைஞர் ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 போர்டோடு பதறி வந்தார். 2022-இல் வந்த இந்த வகை போர்டுகள் டி.டி.ஆர். 5 ரேமை மட்டுமே ஏற்கும். முதல் முறை எழும்போது ரேமோடு பேசிப் பழகி வேகத்தை ஒத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை கறுப்புத் திரை, ரேம் விளக்கு எரிந்தபடி இருக்கும். அவர் வீட்டில் ஒவ்வொரு முறையும் பொறுமையிழந்து பாதியில் அணைத்திருக்கிறார். மாஸ்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ வருவதற்குள் டிஸ்பிளே வந்தது.

மேடத்தின் மேசையில் இருந்ததுதான் அன்றைய கடினமான கேஸ். அதிலும் ரேம் விளக்குத்தான் எரிந்தது. உரிமையாளர் அந்த விளக்கை நம்பி ரேமை மாற்றி, மாற்றியதையும் மாற்றியிருக்கிறார். ரேமில் ஒரு குறையும் இல்லை. ரேமை ஆளும் சர்க்யூட் இப்போதெல்லாம் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து ரேமுக்குப் போகும் தடங்கள் சாக்கெட்டின் ஊசிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். 1,700 ஊசிகள் உள்ள சாக்கெட்டில் பிராசசரை வைக்கும்போது கை நழுவியிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். நாற்று நட்ட வயலில் ஆடு படுத்து எழுந்த இடம் மாதிரி ஒரு மூலை மட்டும் சாய்ந்து கிடந்தது. அவர் தையல் ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒரே ஊசியை இரண்டு மூன்று முறை வளைத்தால் உடைந்துவிடும், அதனால் முதல் தடவையே அளவாக வர வேண்டும். பேசிக்கொண்டே செய்வாரா என்று கேட்டேன். பதில் வரவில்லை, அதுவே பதில்.

இன்டெல் 2004-இல் மேசைக் கணினிகளுக்கு ஊசிகளைப் பிராசசரிலிருந்து போர்டுக்கு மாற்றியது. ஏ.எம்.டி. தன் சாதாரண மேசைக் கணினிப் பிராசசர்களில் 2022-வரை ஊசிகளைப் பிராசசரிலேயே வைத்திருந்தது. இப்போது இரண்டிலும் வளைவது போர்டிலுள்ள ஊசிதான். சாக்கெட்டை மூடிவரும் பிளாஸ்டிக் மூடி இல்லாமல் போர்டு திரும்பி வந்தால் வாரண்டி கிடையாது என்று சில கையேடுகளில் எழுதியே இருக்கிறது. பையன்கள் குப்பையில் போடும் முதல் பொருள் அந்த மூடி.

காசுப் பேச்சு வந்தது. அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"ஒரு பார்ட்டும் மாத்தலயே, எதுக்குங்க செக்கிங் சார்ஜ்?"

"மாத்தலன்னுதான் சார் கம்மியா கேக்கறேன்."

எனக்கு இந்தக் கணக்கு தலைகீழாகப் படுகிறது. இந்தத் தெருவில் வருமானம் பாகத்தில்தான் இருக்கிறது. "போர்டு போயிடுச்சு சார்" என்று சொல்லிக் கீழேயுள்ள கடையில் புதிது வாங்க வைத்திருந்தால் கமிஷன் கிடைத்திருக்கும், அப்பாவும் சமாதானமாகப் போயிருப்பார். கையில் ஒரு பெட்டி இருக்கும் அல்லவா. எதையும் விற்காமல் பழுதைக் கண்டுபிடிப்பவரோடுதான் பேரம் பேசுகிறோம். ஒன்றும் கெடவில்லை என்று சொல்வதற்கு மணிக்கணக்கில் வேலை இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாஸ்டர் கேட்டதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். குறைத்திருக்க வேண்டாம்.

திரும்பப் பூட்டும் வேலையைப் பையனையே செய்யச் சொன்னார். வேண்டாத பித்தளைக் கால்களை அவனே கழற்றினான், துளைக்கு ஒரு கால் என்று எண்ணிப் பார்த்து வைத்தான். இந்த முறை கேபினெட்டுக்குள்ளேயே திரை வந்தது. கடைசி விளக்கு மட்டும் அணையவில்லை.

"பூட் லைட் எரியுதுண்ணா."

"விண்டோஸ் போடலல்ல? போட்டா போயிடும்."

அப்பா பையைத் தோளில் மாட்டும்போது மாஸ்டர் கேபினெட்டோடு வந்த மாமாவின் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸ்டிக்கரைக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். "பெருக்குங்க சார். 192 வாட்ஸ்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்றது இந்த 12 வோல்ட்டைத்தான். தம்பி அடுத்த மாசம் கார்டு வாங்கப் போறேன்னு சொல்றான், அன்னிக்கு இது தாங்காது."

"நீங்களே ஒண்ணு குடுத்துடுங்களேன்."

"நான் விக்கறதில்ல சார். கீழ கேளுங்க, நாலு கடை கேளுங்க. ஸ்டிக்கர்ல 12 வோல்ட் ஆம்பியரப் பாத்துட்டு வாங்குங்க."

பையன் அந்த ஸ்டிக்கரை போனில் படமெடுத்துக்கொண்டான். அப்பா படியிறங்கும்போதே எவ்வளவு ஆகும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.