சும்மா ஓடும் சர்வர்

வேலையே இல்லாத சர்வரும் கரண்ட் குடிக்கும். கூகுள் பொறியாளர்கள் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007-இல் எழுதிய கட்டுரை இதைக் கணக்கோடு காட்டியது. அவர்கள் அளந்த சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீதச் சுமையில்தான் ஓடின. மின்சிக்கனமான சர்வர்கூடச் சும்மா இருக்கையில் உச்ச அளவில் பாதியை இழுத்தது. பிறகு வந்தவை தேறிவிட்டாலும் அந்தச் செலவு ஒழியவில்லை. அரைகுறையாக ஓடும் இரண்டு சர்வர்களின் வேலையை ஒன்றில் சேர்த்து, மற்றதை அணைப்பதுதான் என் தொழில்.

எந்த வேலை எந்தச் சர்வரில் ஓட வேண்டும் என்று பிரித்துப் போடும் குபர்னெட்டீஸ் மென்பொருளின் இயல்பு அமைப்பில் இதற்கு நேர் எதிராக நடக்கும். புது வேலை வந்தால் அதிக இடம் மிச்சமுள்ள சர்வராகத் தேடிப் போடும், எதுவும் காலியாகாது. 'மோஸ்ட் அலோகேட்டட்' என்று மாற்றினால், நிரம்பியதையே மேலும் நிரப்பும். ஆனாலும் அது பார்ப்பது ஒவ்வொரு சேவைக்கும் கேட்டு வைத்த அளவைத்தான், உண்மையில் செலவாகும் அளவை அல்ல. நான்கு கோர் கேட்ட சேவையின் வரைபடத்தைத் திறந்தால், கோடு அரை கோரைத் தாண்டியிருக்காது. மீதி மூன்றரையும் பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட்தான்.

அப்படித் துண்டு போட்ட சேவைக் குழுவினரை நான் குறை சொல்ல மாட்டேன். தீபாவளி விற்பனையில் சேவை படுத்துவிட்டால் நள்ளிரவில் போன் வருவது அவர்களுக்குத்தான். ஆகவே அவர்களோடு உட்கார்ந்து, உச்ச நாளின் வரைபடத்தைப் பார்த்து, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டே அளவைக் குறைக்கிறோம். அணைத்த சர்வர் எத்தனை நிமிடத்தில் எழும் என்பதைக் கண்முன் இயக்கிக் காட்டுகிறோம். ஒரே சேவையின் பிரதிகளை ஒரே ரேக்கில் அடுக்குவதில்லை. வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கும் சேவையை விளிம்புவரை நிரப்புவதும் இல்லை.

அவசரமில்லாத வேலைகளை நேரம் பார்த்தும் நகர்த்தலாம். வீடியோ மாற்றம் போன்றவற்றைத் தூய மின்சாரம் கிடைக்கும் வேளைக்குத் தள்ளுவதாக 2020-இல் கூகுள் அறிவித்தது. நடுப்பகலில் சூரிய மின்சாரம் பெருகும் தமிழ்நாட்டில், பழக்கத்துக்காக இரவில் ஓடும் அறிக்கைகளை அந்நேரத்துக்கு மாற்றுவது பொருத்தமானது.

சர்வர்களை அணைத்த மாதத்தில் பி.யு.இ. எண் ஏறக்கூடும். தரவு மையத்தின் மொத்த மின்சாரத்தைக் கணினிக் கருவிகள் எடுத்த மின்சாரத்தால் வகுத்து வருவது அது. கருவிகளின் செலவு குறைந்த அளவுக்குக் குளிரூட்டும் செலவு குறையாவிட்டால் விகிதம் மோசமாகத் தெரியும், மின்கட்டணமோ இறங்கியிருக்கும். நிர்வாகத்திடம் நான் கேட்பது இதுதான்: விகிதத்தோடு நிறுத்தாதீர்கள். மொத்தம் எத்தனை யூனிட், ஒரு யூனிட்டில் எவ்வளவு வேலை முடிந்தது என்று கேளுங்கள். எங்கள் உழைப்பு அங்கேதான் தெரியும்.