கல் கல்லாக வந்து சேர்ந்த வீடு

இலங்கையின் தென்மேற்குக் கரையில், பெந்தோட்டைக்கு அருகே தெதுவ ஏரியை ஒட்டி இருக்கிறது லுனுகங்கா. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1940களின் கடைசியில் வாங்கிய பழைய ரப்பர் தோட்டம். என்னோடு வந்தவர் கும்பகோணத்து ஓவிய நண்பர். வீட்டோடு ஓர் அறை சேர்த்து, கொல்லையில் படம் வரைய ஒரு கூடம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் திட்டம். அதற்காகக் கொல்லையில் இருக்கும் மாட்டுக்கொட்டகையை இடிப்பதாக முடிவு செய்திருந்தார்.

தோட்டத்திலிருக்கும் பாவாவின் பங்களாவை அப்புறம் பார்க்கலாமென்று விட்டு, இப்போது அதே தோட்டத்தில் நிற்கும் ஏனா டி சில்வாவின் வீட்டுக்கு முதலில் போனோம். பத்திக் துணிக்கலையில் இலங்கையின் பெரிய பெயர் ஏனா. அவருக்கும் பொலிஸ் மா அதிபராக இருந்த கணவர் ஆஸ்மண்டுக்கும் கொழும்பில் பாவா 1960–62-ல் கட்டிக் கொடுத்த வீடு இது. கணவருக்கு அலுவலறை, ஓவியரான மகனுக்குப் பட்டறை, விருந்தினர் பகுதி, பூஜையறை எல்லாம் சின்ன மனைக்குள் அடங்க வேண்டும். தெருவுக்குச் சுவரைக் காட்டிவிட்டு, நடுவில் பெரிய முற்றத்தைத் திறந்து, எல்லாவற்றையும் அதைச் சுற்றி வைத்துவிட்டார் பாவா. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலம். கல், செங்கல், மரம், நாட்டு ஓடு என்று கைக்கெட்டியதை வைத்தே கட்டினார்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு முன் உடம்புக்குத்தான் தெரிகிறது. வெளியே வேர்த்துக் கொட்டிய முதுகு தாழ்வாரத்தில் காய ஆரம்பித்துவிடுகிறது. காலடியில் கரடான கருங்கல். நீண்டு இறங்கிய கூரை வெயிலைச் சுவரில் பட விடுவதில்லை. முற்றத்துச் சூடு மேலே எழ, நிழலில் குளிர்ந்த காற்று அறைகளின் வழியே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. மழை எந்தப் பக்கம் சாய்ந்து அடித்தாலும் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து வேலை செய்ய இடம் இருக்கிறது. நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்த முற்றத்தைக் கிரில் போட்டு அடைத்து, ஷீட் வேய்ந்து, பிறகு ஏ.சி. மாட்டுகிறோமே, அதை நினைக்கத்தான் மனம் கனக்கிறது.

கொழும்பில் அந்த மனை பக்கத்து மருத்துவமனையின் கைக்குப் போனபோது வீடு இடிபட வேண்டியதாயிற்று. 2009-ல் அதைப் பிரிக்கத் தொடங்கினார்கள். தரைக்கல்லையும் தூணையும் கதவு ஜன்னலையும் அடையாளமிட்டு, வரிசை மாறாமல் இங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். பல ஆண்டு வேலை. எல்லோராலும் ஆகிற காரியமல்ல, செலவும் கொஞ்சமல்ல. ஆனாலும் மரமும் கல்லுமாகச் சேர்த்த வீட்டைப் பிரித்துத் திரும்பக் கோக்க முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். கான்கிரீட்டை உடைத்தால் மிஞ்சுவது கம்பியும் ஜல்லியும்தான்.

ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மழை ஒழுகாமலிருக்க, நெளிந்த சிமெண்ட் ஷீட்டின் மேல் நாட்டு ஓடு பரப்புவது பாவா கைக்கொண்ட முறை. அன்றைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு எமன். இன்று செய்பவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு பாவாவின் சொந்த வீட்டுப் பக்கம். பழைய பங்களாவை அவர் இடிக்கவில்லை. வாசலை வேறு பக்கம் திருப்பினார், திண்ணைகளைச் சேர்த்தார். தோட்டத்தின் ஊடே போகும் ஊர்ச்சாலையைப் பள்ளத்தில் மறைத்துப் பார்வையை ஏரிவரை ஓடவிட்டார். மாட்டுக்கொட்டகைதான் அவருடைய கலைக்கூடம் ஆயிற்று. நண்பர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "கொட்டகைய இடிக்கிற ஆள்கிட்ட அட்வான்ஸ் கொடுத்துட்டேன்ப்பா" என்றார். "போனா போகுது, வரவேண்டாம்னு சொல்லிடுங்க சார்" என்றேன்.

அங்கேயே கல்லில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட ஆரம்பித்தார். வடக்கே பெரிய ஜன்னல் வைத்தால் நேர்வெயில் விழாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வதை நம்பியிருந்தார். அது அவர்கள் அட்சரேகைக்குச் சரி. கும்பகோணத்தில் ஏப்ரல் பிற்பாதியில் உச்சிக்கு வரும் சூரியன், ஆகஸ்ட் பிற்பாதி வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலுக்கும் இறவாரம் வேண்டும். கொட்டகையின் தூண்களை அப்படியே வைத்துக்கொண்டு, வடக்குச் சரிவை மட்டும் நீட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். வண்ணம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகக் கூடாது, அதற்குத் தனித் தொட்டி வேண்டும் என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.