விளம்பரக் கணக்கை எத்தனை தடவை பார்ப்பது?

மாமாவுக்குக் கம்மாபுரத்தில் முந்திரிப் பருப்பு வியாபாரம். விருத்தாசலம், பண்ருட்டி பக்கம் முந்திரிக்கா பஞ்சம்? உள்ளூரில் போட்டி அதிகம். "நெட்ல வித்துக் குடு மாப்ள" என்று, நாளைக்கு 300 ரூபாய் கணக்கில் கூகுள் விளம்பரத்தை என் தலையில் கட்டிவிட்டார். கல்லாவிலிருந்து எடுத்துத் தரும் காசு. அந்தப் பயத்தில் வகுப்பில்கூட டெஸ்க்குக்கு அடியில் போனைத் திறந்து, மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாவது நாள் செலவு 540 என்று காட்டியது. பதறிப்போய் பட்ஜெட்டைப் பாதியாக்கினேன். அப்புறம்தான் விதியைப் படித்தேன். நாம் கொடுப்பது ஒரு சராசரி. ஒரு நாளில் அதன் இரண்டு மடங்கு வரைகூடச் செலவாகலாம். ஆனால் மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. 300-க்கு 9,120, அவ்வளவுதான். பழையபடி மாற்றி வைத்தேன்.

மறுநாள் ஆர்டரே இல்லை. உடனே விளம்பர வாசகத்தை மாற்றினேன். அடுத்த நாள் இரண்டு ஆர்டர்! என் திறமை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன் :-) புள்ளியியல் வகுப்பில் பாய்சான் பரவல் நடத்தியபோதுதான் உறைத்தது. சராசரியாக நாளுக்கு ஓர் ஆர்டர் வரும் கடையில், ஒன்றுமே வராமல் போகும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். பத்து நாளில் மூன்று நாலு நாள் சும்மாதான் போகும். அதற்கு நான் என்ன வாசகம் எழுதினாலும் ஒன்றுதான்.

இன்னொன்று. திங்களன்று க்ளிக் செய்தவர் வியாழன்று வாங்கினால், அந்த ஆர்டர் திங்கள் கணக்கில்தான் ஏறும். ஆகவே இன்றைய கணக்கை இன்றே பார்த்தால் எப்போதும் மோசமாகத்தான் தெரியும். ஃபேஸ்புக்கிலும் இதே கதை. விளம்பரம் நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகள் வேண்டும். நடுவில் பெரிதாக எதையாவது மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

சரி, பார்க்கவே வேண்டாம் என்று செமஸ்டர் சமயத்தில் 15 நாள் விட்டுவிட்டேன். திறந்தால், எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் போனது என்ற பட்டியல் முழுக்க "முந்திரிக்கொத்து செய்வது எப்படி"! அது நாகர்கோவில் பக்கத்துப் பலகாரம். பாசிப்பயறில் செய்வது, முந்திரிப் பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1,100 ரூபாய் போச்சு. வாரம் ஒருமுறை பார்த்து அந்தச் சொல்லை விலக்கியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

மாமாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "தராச நிமிசத்துக்கு ஒருக்கா தட்டிப் பாத்தா முள்ளு நிக்காதுடா. அதுக்காகக் கடையத் தொறந்து போட்டுட்டுப் போயிடவும் கூடாது" என்றார்.

இப்போது என் வழக்கம் இதுதான். காலையில் ஒரு நிமிடம்: விளம்பரம் ஓடுகிறதா, லிங்க் திறக்கிறதா, இருப்புப் பணம் இருக்கிறதா. எதையும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்: தேடல் பட்டியலைப் பார்த்து வேண்டாத சொற்களை விலக்குவது. மாதம் ஒருமுறை மாமாவோடு உட்கார்ந்து, போட்ட காசுக்கு வந்த லாபம் எவ்வளவு என்று பார்ப்பது. பட்ஜெட், வாசகம் எல்லாம் அன்றைக்கு மட்டும்தான் மாற்றுவது. பெரிய கம்பெனிக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ஆர்டர் வரும், அவர்கள் தினம் பார்க்கலாம். நமக்கு அந்த அளவு எண்ணிக்கை சேர ஒரு மாதமாவது ஆகும்.

அந்த 1,100 ரூபாயை லீவு நாட்களில் முந்திரிப் பொட்டலம் போட்டுக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.