விண்ணூர்தி கடக்கும் நேரம்

ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு. வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்ன மறுகணமே "கொண்டுவந்தீர்களா?" என்று கேட்காத நண்பர் எனக்கு வாய்த்ததில்லை. அந்தக் கைமுறுக்கைச் சுற்றிச் சுற்றித்தான் அம்மா என்னைத் தமிழ் முதுகலை வரை படிக்கவைத்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் எங்கள் பின்கட்டில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். வானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த இக்கட்டுரையை அதனால் அடுப்பிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே தெரியவந்தது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், தொண்ணூறு நிமிடத்துக்கொருமுறை அது பூமியைச் சுற்றுகிறது. 2000 நவம்பரிலிருந்து அதில் மனிதர் இல்லாத நாளே இல்லை. நமக்கு இருட்டாகவும் அதற்கு வெயிலாகவும் இருக்கும் பொழுதில், அதாவது அந்திக்குப் பின்னரோ விடியலுக்கு முன்னரோ, அது கண்ணுக்குப் படும். விமானம்போலக் கண்சிமிட்டாது, எரிகல்போல அவசரப்படாது. வாய்த்த நாளில் ஐந்தாறு நிமிடம். விடியலில் கடக்கையில் சிலவேளை தொடுவானத்திலிருந்து ஏறிவராமல், பூமியின் நிழலைவிட்டு வெளியேறும் இடத்தில், நடுவானில் திடீரென்று தோன்றும். முதன்முறை அப்படிக் கண்டபோது மொட்டைமாடியில் தனியாக நின்று "ஆகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். வடக்கே கஞ்சமலை, வடகிழக்கே சேலத்து வெளிச்சம், கீழே விசைத்தறிச் சத்தம். அத்தனைக்கும் மேலே ஓசையே இல்லாமல் அது போனது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தி நம் புறநானூற்றிலேயே இருக்கிறதே ஐயா" என்றான். இருக்கிறது. சோழன் நலங்கிள்ளியை முதுகண்ணன் சாத்தனார் பாடிய 27ஆம் பாட்டு. மேடைகளில் அந்த ஒற்றைத் தொடரை உருவியெடுத்து நாம்தான் விமானம் செய்தோம் என்று முழங்குவதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. புலவர் பாடும் புகழுடையோர் தம் வினை முடித்தபின் விண்ணுக்கு ஏறிப்போகும் ஊர்தி அது. சாவைப் பற்றிய பாட்டில் போய்ப் பொறியியல் தேடலாமா? அன்று பாடம் முழுவதும் இதிலேயே கழிந்தது.

விண்ணூர்தியும் சாவும் எங்கள் வீட்டில் வேறொரு வகையிலும் உறவுடையவை. நான் பிறந்தது 1979இல். அமெரிக்கா 1973இல் ஏவிய ஸ்கைலேப் என்னும் நிலையம், ஏறக்குறைய 77 டன் எடை, கடைசிக் குழுவினர் இறங்கியபின் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆளற்றுச் சுற்றிவிட்டு விழப்போகிறது என்று செய்தி வந்தது. எங்கே விழும் என்பதை அனுப்பியவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் கோழிகள் அடிபட்டன. 'சாகப்போற வேளையில கோழிய வெச்சிக்கிட்டு என்ன பண்ணறது?' என்பது அப்பாயியின் கணக்கு. அம்மா அப்போது ஏழு மாதம். கிரகணத்துக்கு அடைப்பதுபோல உள்ளறையில் அடைத்து, சன்னலுக்குச் சாக்குப்படுதா கட்டி, வானத்தை ஏறிட்டே பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஜூலை 11, நம் நேரப்படி இரவு பத்துமணி வாக்கில் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறி விழுந்தது. குப்பை போட்ட குற்றத்துக்காக அங்கே எஸ்பரன்ஸ் என்னும் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. இங்கே எங்களுக்குக் கோழிகள் போனதுதான் மிச்சம்.

2024 ஜூனில் எட்டு நாள் பயணமாகப் போன சுனிதா வில்லியம்ஸ் மாதக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தபோது, தொலைக்காட்சியில் அதைக் கேட்ட அம்மா முறுக்கு சுற்றியபடியே விசாரிக்கத் தொடங்கினார். "அந்தப் புள்ள எறங்கிட்டாளா சாமி? சோறு தண்ணி எப்படி?" என்று கேட்காத வாரமில்லை. நம் வீட்டுக்கு மேலேயே போகிறாள் அம்மா, காட்டுகிறேன் என்றேன். அம்மாவுக்கு அப்போது வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது, இடக்கண்ணிலும் பாதி. "பொங்கல் யாவாரம் முடியட்டும்" என்று சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். எண்ணெய்ப் புகையில் நாற்பது ஆண்டுகள் இருந்த கண்கள்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் விடியலில் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனேன். தென்மேற்கிலிருந்து அது எழுந்து வந்தது, அப்படியொரு பிரகாசம். அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, "அதோ" என்றேன். அவர் கையை நெற்றியில் வைத்துத் தேடினார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆமாஞ் சாமி. செவப்பா இருக்குதே."

விரல் நீண்ட திசையில், பக்கத்துத் தெருக் கைபேசிக் கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிலையம் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

"நிக்குதா, போவுதா?"

"போகுதும்மா."

"மகராசியா எறங்கி வரட்டும்" என்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, கைப்பிடிச்சுவரைத் தடவியபடி கீழே இறங்கிப்போனார்.

2025 மார்ச் 19 விடியலில் சுனிதா புளோரிடாக் கடலில் இறங்கினார், 286 நாள் கழித்து. "அன்னிக்கி நாம்பாத்தனே" என்று தெருவில் எல்லோரிடமும் அம்மா சொன்னார். நான் பக்கத்தில் இருக்கும்போதும் சொன்னார்.

பிற்பாடு இரண்டு கண்களுக்கும் அறுவை முடிந்தது. இப்போது முறுக்கின் எள்ளைக்கூட எண்ணிவிடுவார். நிலையம் எத்தனையோ முறை கடந்துவிட்டது. நான்தான் மாடிக்கு அழைக்காமல் நாள் கடத்தினேன். நேற்று மாலை வடகம் எடுக்க மாடிக்கு வந்தவர், கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தச் செவப்பு லைட்டு எப்ப போட்டாங்க?"

"ரொம்ப நாளா இருக்குதும்மா."

ஒன்றும் சொல்லாமல் வடகத்தைத் துணியோடு சுருட்டினார். படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"அடுத்தாப்புல எப்ப வருதுன்னு பாத்துச் சொல்லு. அடுப்பப் பத்தவைக்கறதுக்கு முந்தி வர்றேன்."

கைபேசியில் பார்த்தேன். நாளை மறுநாள், 5.08.