தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு சொல் அடிக்கடி வழங்கும். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும், தலைமயிர் உதிர்ந்தாலும், துவரம்பருப்பு வேகாமற் போனாலும், "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி முடித்துவிடுவோம். கும்பகோணத்திலிருந்து மைசூருக்கு நாங்கள் வந்த புதிதில் எங்கள் வீட்டிலும் இச்சொல் ஓயாது ஒலித்தது. எண்ணிப் பார்த்தால், எங்கள் ஊரில் ஓடுவதும் காவிரி. இங்கே குழாயில் வருவதும் காவிரியும் அதன் துணையாறாகிய கபினியுமே. 1911-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை இந்நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. அங்கே தேங்கும் நீர்தான் ஸ்ரீரங்கப்பட்டணமும் மேட்டூரும் திருச்சியும் கடந்து எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வந்து சேர்கின்றது. ஆகவே, தண்ணீரின்மேல் நாங்கள் சுமத்திய பழிகளுள் சில வேறிடத்துக்கு உரியவை. இதனை எங்களுக்கு உணர்த்தியவை பத்துச் சிறு மீன்கள்.

ஆறாம் வகுப்புப் பயிலும் எங்கள் மகள் நெடுநாள் வேண்டிக் கேட்டதன்பேரில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் கொள்ளும். வேலம்பாசியும், நாடா போன்ற நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியாவும் நட்டோம். மீன்களைப் பொறுத்தவரை, நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ராவின்மீது குழந்தையின் மனம் சென்றது. அவற்றின் பூர்விகம் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு ஓடைகள். எனினும் தம்மிடம் இருப்பவை சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்தவை என்றார் கடைக்காரர். "அப்படியானால் அவையும் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்துதான் வந்திருக்கின்றன" என்று மகள் மகிழ்ந்தாள்.

கடைக்காரர் அன்றே மீன்களைத் தரவில்லை. செடிகளை நட்டு, வடிகட்டும் பஞ்சினை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை உணவு மட்டும் தண்ணீரில் இட்டு, ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார். மீனில்லாத் தொட்டிக்கு உணவு எதற்கு என்று எங்களுக்கு வியப்பாயிருந்தது. ஆயினும் அவர் சொன்னபடியே செய்தோம். பின்னர் வாங்கி வந்த பத்து மீன்களும் எட்டு மாதம் நலமாக வாழ்ந்தன. நலமாக வாழ்ந்ததே எங்களைச் சோம்பேறிகளாக்கியது. ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நின்றோம். பழைய நீரை எடுத்துப் புதுநீர் மாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டோம்.

சென்ற மே மாதத்தில் ஊரிலிருந்து பாட்டி வருவதாகக் கடிதம் வந்தது. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்திருந்தது. மணல்மேல் பழுப்பு வண்டல் தெரிந்தது. பாட்டியின் கண்ணில் இந்த அழுக்குப் படலாமா? சாலை தோண்டும்போது குழாய் உடைந்து நான்கு நாள்களாக எங்கள் தெருவுக்கு நகர நீர் வரவில்லை. வீட்டுக்காரரின் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மீன்களை ஒரு குண்டானில் விட்டோம். தொட்டியை முற்றிலும் காலி செய்தோம். மணலை அரிசி களைவதுபோல் ஐந்தாறு முறை களைந்தோம். வடிகட்டும் பஞ்சினைக் கசக்கிப் பிழிந்து, மணலோடு சேர்த்து நாள் முழுவதும் வெயிலில் உலர்த்தினோம். மாலையில் கிணற்று நீரை நிரப்பி, செடிகளை மீண்டும் நட்டு, மீன்களை விட்டபோது தொட்டி பளிங்குபோல் விளங்கியது.

மறுநாள் பாட்டி வந்தார், பார்த்தார், மெச்சினார். அன்று மாலையே மீன்கள் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கின. மூன்றாம் நாள் முடிவதற்குள் ஏழு மீன்கள் இறந்தன. குழந்தை உண்ணாமல் அழுதாள். "ஏன் செத்துப் போயின?" என்று மீண்டும் மீண்டும் கேட்டாள். அந்த நேரத்தில் எங்கள் வாயில் வந்த விடை இது: "கடைக்காரர் நோய்ப்பட்ட மீன்களைக் கொடுத்துவிட்டார்." எட்டு மாதம் வாழ்ந்த மீன்களைப் பற்றி இப்படிச் சொல்வதில் பொருளில்லை என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. குழந்தை அதனை நம்பினாள். பள்ளித் தோழியரிடமும் அவ்வாறே சொன்னாள். தொட்டி வாங்கவிருந்த ஒரு தோழியின் வீட்டார் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டனர் என்று பின்னர் அறிந்தோம்.

எதிர்வீட்டில் வேதியியல் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற கன்னடப் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். நாங்கள் அவரை 'மேஷ்ட்ரு' என்போம். மகள் 'தாத்தா' என்பாள். அச்சொல் இரு மொழிக்கும் பொதுவாயிருப்பதில் அவருக்குப் பெருமகிழ்ச்சி. எஞ்சிய மூன்று மீன்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவரை அழைத்தோம். சோதனைக் குழாய்களோடும் சொட்டு மருந்துகளோடும் வந்தார். தொட்டி நீரையும், கிணற்று நீரையும், கறிவேப்பிலைச் செடிக்கென ஒரு வாளியில் நாங்கள் எடுத்து வைத்திருந்த பழைய தொட்டி நீரையும் தனித்தனியே சோதித்தார். பின் எங்களைப் பார்த்து, "நீங்கள் மீன் வளர்ப்பதாக எண்ணியிருக்கிறீர்கள். வளர்க்க வேண்டியது தண்ணீரை" என்றார்.

அவர் விளக்கியதன் சாரத்தைக் கூறுகின்றோம். மீனின் கழிவிலிருந்தும், எஞ்சிய உணவிலிருந்தும், அழுகும் இலையிலிருந்தும் அமோனியா பிறக்கின்றது. அது மீனுக்கு நஞ்சு. மணலிலும் பஞ்சிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது பெரிதும் தீங்கற்றது, செடிகளுக்கு உரமாவது. இந்த நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டளவில் ரஷ்ய அறிஞர் விநோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். அவை பெருகிக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனில்லாத் தொட்டிக்கு எங்களை உணவிடச் சொன்ன கடைக்காரர் இவற்றுக்குத்தான் சோறிடச் சொல்லியிருக்கின்றார்! அழுக்கென்று நாங்கள் களைந்ததும் வெயிலில் உலர்த்தியதும் இந்த உயிர்களையே. செடிகளும் அமோனியாவை உறிஞ்ச வல்லவை; ஆனால் வேரோடு பிடுங்கி மீண்டும் நட்ட செடிகள் அப்போது தாமே வாடிக் கிடந்தன.

செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்பது புதிய செய்தியன்று. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் பொன்மீன்களையும் வாலிஸ்னேரியாச் செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் நெடுநாள் வாழச் செய்து, 1850-இல் அங்குள்ள வேதியியல் சங்கத்துக்கு அதனை எடுத்துரைத்தார். மீன்தொட்டிக் கலையின் தொடக்கங்களுள் அது முதன்மையானது.

இரண்டாவது காரணம் தண்ணீரின் அமில, காரத் தன்மை. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். காரத்தால் நேரும் நிறமாற்றம் அது. இத்தன்மையை எண்ணால் அளக்கும் 'பிஎச்' முறையை 1909-இல் கோபன்ஹேகனில் ஸோரன்ஸன் என்பார் வகுத்தார். 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்; ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. எங்கள் பழைய தொட்டி நீர் 6.4 காட்டியது. மாதக்கணக்கில் நீர் மாற்றாததால், நுண்ணுயிர்களின் வேலையில் பிறக்கும் அமிலம் சேர்ந்து, அதனைச் சமன் செய்யும் பைகார்பனேட்டு உப்புகள் தீர்ந்துபோயிருந்தன. கிணற்று நீரோ, குழாயிலிருந்து பிடித்தவுடன் 7.3 காட்டியது. கரியமில வாயு வெளியேறியபின் மறுநாள் அதே நீர் 8.2 காட்டியது. நாங்கள் முதல் நாளே சோதித்திருந்தாலும் ஏமாந்திருப்போம்!

இந்த ஏற்றத்தால் விளைந்த தீங்கு பெரிது. தண்ணீரில் அமோனியா இரு வடிவில் இருக்கும். ஒன்று பெரிதும் தீங்கற்ற அம்மோனியம். மற்றொன்று செவுளைத் தாக்கும் நச்சு அமோனியா. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருந்தால் நச்சுப் பங்கு 1000-க்கு ஏறத்தாழ 6. 8 ஆனால் 54. 9 ஆனால் 360. எனவே தொட்டியில் காணப்பட்ட லிட்டருக்கு 1 மில்லிகிராம் அமோனியா, பழைய நீரில் ஒருவாறு பொறுக்கத்தக்கது. புதிய நீரிலோ உயிருக்கே கேடாயிற்று. இதனோடு கடினத்தன்மையும் சேர்ந்துகொண்டது. சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த அந்தக் கிணற்று நீர் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினம் காட்டியது. எங்கள் நகரக் குழாய் நீர் பின்னர் 90 காட்டியது. பருப்பு வேகாததும், சோப்பு நுரைக்காததும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறியதும் இதனால்தான். மென்னீரில் பழகிய உடல் ஒரே மாலையில் கடின நீருக்கு மாறினால் தளராது என்ன செய்யும்?

"மெதுவாக மாற்றியிருந்தால் இதே கிணற்று நீரிலும் சில மீன்கள் வாழும். கப்பி மீனுக்குக் கடின நீரே பிடிக்கும். தண்ணீர்மேல் குற்றமில்லை, ஒரே நாளில் மாற்றியதுதான் குற்றம்" என்று மேஷ்ட்ரு முடித்தார்.

குழந்தை அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியென்றால் கடை மாமா நோய் மீன் கொடுக்கவில்லையா?" என்றாள். அந்த வினாவுக்கு முன்னே நாங்கள் தலை குனிந்தோம். "இல்லை அம்மா. தவறு எங்களுடையது. அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னோம்" என்றோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே" என்று மட்டும் சொன்னாள். மீன்கள் இறந்தபோது அழுததைக் காட்டிலும் அந்தச் சொல் எங்களைச் சுட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவருமாக அக்கடைக்குச் சென்றோம். நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் முதலில் கேட்டது, "பஞ்சை வெயிலில் வைத்தீர்களா?" என்பதே. ஆம் என்றோம். சிரித்தார். தம் கடையின் பழைய தொட்டியிலிருந்து, பார்ப்பதற்கு அழுக்கேறிய ஒரு பஞ்சினை எடுத்து, அத்தொட்டி நீரோடு பையில் கட்டி மகளிடம் தந்தார். "இதை ஈரம் காயாமல் கொண்டுபோய் உங்கள் பஞ்சோடு வை. விரைவில் சரியாகிவிடும்" என்றார். விலை வாங்க மறுத்துவிட்டார். தோழியின் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பை மகள் தானே ஏற்று, மறுநாளே முடித்தாள்.

எஞ்சிய மூன்று மீன்களும் பிழைத்தன. இப்பொழுது நாங்கள் கைக்கொள்ளும் முறையைத் தொட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்காகக் கூறுகின்றோம். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை, அதாவது 9 லிட்டரை மட்டும் மாற்றுகின்றோம். நகர நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்திருப்பர். நமக்கு நன்மையாகிய அது தொட்டியின் நுண்ணுயிர்களுக்கும் மீன் செவுளுக்கும் தீங்கு. ஆதலால் அகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுகின்றோம். அவசரமாயின், புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' எனப் பயன்படுத்திய சோடியம் தயோசல்பேட்டைக் கடைகளில் மீனுக்கென்றே கரைத்து விற்கின்றனர். அதனைச் சொன்ன அளவில் இடலாம். குளோரமின் சேர்த்த நீராயின் வாளியில் வைப்பது போதாது. அதற்குரிய மருந்து வேண்டும். பஞ்சினைக் குழாயில் கழுவாமல், எடுத்த தொட்டி நீரிலேயே இலேசாக அலசுகின்றோம். உணவு இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே. விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. ஒளியும் உரமும் மிகுந்தால் பாசி படரும். புதிய மீன் வாங்கினால், பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கியபின் விடுகின்றோம். எடுத்த பழைய நீர் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் செல்கின்றது. நைட்ரேட்டு மிகுந்த அந்நீரில் அவை செழித்து வளர்கின்றன.

இம்முறை பாட்டி வந்தபோது கண்ணாடியின் ஒரு புறத்தில் பாசி இருந்தது. மணலில் வண்டலும் இருந்தது. "தேய்த்துக் கழுவக்கூடாதா?" என்று கேட்டார். மகள் முந்திக்கொண்டு, "வேண்டாம் பாட்டி, அதில் ஆள் குடியிருக்கிறார்கள்" என்றாள். பாட்டிக்கு விளங்கவில்லை. மகள் அவரை அருகில் அமர்த்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாங்கள் சொன்ன பொய்யையும் விடவில்லை. நாங்கள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.